எட்டு நாற்காலி எடுப்பு

வெள்ளாந்துறையில் ஒரு விசைப்படகு இருந்தது, அந்தப் படகில் எட்டு ஆண்கள் தங்கல் தொழிலுக்குப் போனார்கள், போனால் பத்து நாள் பதினைந்து நாள் கழித்துத்தான் கரை ஏறுவார்கள், ஏறியதும் குளித்துச் சாப்பிட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே கோயிலுக்குப் பக்கத்திலிருந்த வாசகசாலைக்குப் போய், எட்டு நாற்காலியை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, கடல் தாண்டிய தேசங்களில் பந்து விளையாடுகிறவர்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள். போனில் ஓடுகிற அந்த விளையாட்டில் இந்தப் பங்கு போடுவதற்கு டிராஃப்ட் என்று பெயர். வெள்ளாந்துறைக்காரர்கள் எடுப்பு என்றார்கள். அங்கே எங்கோ ஒருவன் கோல் போட்டால் இங்கே அவனை எடுத்தவனுக்குப் புள்ளி ஏறும், புள்ளி ஏறினால் அவன் அன்று முழுக்கத் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பான், மற்ற ஏழு பேரும் அவன் முகத்தில் முழிக்காமல் வேறு சந்து வழியாகப் போவார்கள். அவ்வளவுதான் விளையாட்டு.

விளையாட்டுதான் என்றாலும் சட்டம் சட்டம். ஆகஸ்டில் சீசன் தொடங்கும்முன் சீட்டுக் குலுக்கி வரிசை போடுவார்கள். நாற்காலிக்கு ஒரு கேப்டன், அவனைத்தான் முதலில் எடுக்கவேண்டும், ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் எடுக்க முடியாது, எடுத்த கேப்டன் மே மாதம் சீசன் முடிகிறவரை, முழுசாகப் பத்து மாதம், எடுத்தவரோடுதான் இருப்பான். வாயிலிருந்து வந்த பெயர் வந்ததுதான், அதை மாற்றித் தரச்சொல்லி ஆண்டவரே வந்து கேட்டாலும் நடக்காது. அதனால் நிஜ எடுப்புக்கு முன்னால் சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை வைத்துக்கொள்வார்கள். ஒத்திகையில் தப்பாகச் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம், அதற்குத்தானே ஒத்திகை.

போன நவம்பரில் அந்தப் படகு போனது, பின்னாலேயே புயல் போனது, படகு வரவில்லை. போனவர்கள் எட்டுப் பேர் இல்லை, ஒன்பது பேர். மெற்றில்டாவின் வீட்டுக்காரர் கிளீட்டஸ் எட்டு நாற்காலிக்காரர்களில் ஒருவர். ஒன்பதாவது அவளுடைய ஒரே மகன் ஜோவின், பத்தொன்பது வயது, பாலிடெக்னிக்கை நடுவில் விட்டுவிட்டு வீட்டில் போனும் கையுமாகக் கிடந்தவன். கிளீட்டஸ் வேண்டாம் என்றார். ஒரு தங்கல் போய்வந்தவன்தானே, இன்னொன்றும் போய்வரட்டும், கொஞ்சம் புத்தி வரும் என்று சொன்னது மெற்றில்டா. அதை அவளுக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை.

ஜூன் மாதம் வாசகசாலைச் செயலாளர் இஞ்ஞாசி எட்டு வீடுகளுக்கும் நடந்தார். போலியோவில் ஒரு கால் சூம்பியதால் கடலுக்குப் போகாத மனிதர், ஊரிலேயே அழகான கையெழுத்து அவருடையது, எடுப்பு நோட்டை இருபது வருஷமாக எழுதிவருகிறவர். நாற்காலியைச் சும்மா போடக் கூடாது, வீட்டிலிருந்து யாராவது வந்து உட்காராவிட்டால் சட்டப்படி வேறு ஆளுக்குக் கொடுக்கவேண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். கொடுக்க ஒருத்திக்கும் மனசில்லை. பந்து எந்தப் பக்கம் ஓடினால் கோல் என்றுகூடத் தெரியாத எட்டுப் பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து உட்கார்ந்தார்கள், மூன்று பேர் முந்தானையால் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள், இஞ்ஞாசி முதல் ஒத்திகையை ஆரம்பித்தார்.

முதல் சீட்டு பெர்பெத்தாளுக்கு. ததேயுவின் பெண்டாட்டி, மெற்றில்டாவுக்கு அடுத்த வீடு, வாய் ஓயாதவள். கேப்டன் யார் என்று இஞ்ஞாசி கேட்டார். வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் பெயரையாவது சொல்லு தாயி என்றார். அவளுக்கு உலகத்தில் தெரிந்த பந்தாட்டக்காரன் ஒரே ஒருத்தன், அதனால் அவனைச் சொன்னாள்: ததேயு. சொல்லி வாய் மூடும்முன் வாசகசாலைக் கதவைத் தள்ளிக்கொண்டு ததேயு உள்ளே வந்தான், சட்டையிலிருந்தும் லுங்கியிலிருந்தும் தண்ணீர் சொட்ட, நவம்பரில் போனபோது போட்டிருந்த அதே நீலச் சட்டை, வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, மணி என்ன ஆச்சு, பசிக்கிது என்றான். இஞ்ஞாசி நோட்டில் முதல் வரியில் ததேயு என்று எழுதி, அடுத்த சீட்டைப் பிரித்தார்.

அதற்குமேல் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் நாற்காலி, மூன்றாம் நாற்காலி என்று ஒவ்வொருத்தியும் தன் ஆளின் பெயரைச் சொல்லச்சொல்லக் கதவு திறந்து திறந்து மூடியது, தரையெல்லாம் தண்ணீர். ஏழாவதாக மெற்றில்டாவின் முறை வந்தது. அவளுக்கு இரண்டு பேர், நாற்காலி ஒன்று. முதலில் மனசில் வந்தவர் கிளீட்டஸ்தான், வாயில் வந்தது பத்தொன்பது வருஷமாக அவரைக் கூப்பிட்ட மாதிரி.

"ஜோவினுக்க அப்பா," என்றாள்.

கதவு திறக்கவில்லை. அவள் தலைமுறையில் அந்தத் தெருவில் பாதிப் பேர் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள், அதிலும் மெற்றில்டா ரொம்ப மோசம், கல்யாணப் பதிவில் கையெழுத்துப் போடும்போதுகூடச் சாமியார் கேட்ட பெயருக்குத் தலையைத்தான் ஆட்டியவள். எடுப்பு நோட்டுக்கோ பெயர் வேண்டும், இன்னாருடைய அப்பா என்று எழுத அதில் இடமில்லை. ஒத்திகைதானே, மாற்றிச் சொல்லு என்றார் இஞ்ஞாசி. அவள் ஜோவின் என்றாள், அவன் கதவுக்கு வெளியிலேயே நின்றவன் மாதிரி உடனே வந்தான், தலைமுடியைச் சிலுப்பி அவள் மேலெல்லாம் தண்ணீர் தெறிக்க வைத்தான்.

இப்படித்தான் அது தொடங்கியது, இதை வெள்ளாந்துறை எப்படி ஏற்றுக்கொண்டது என்றால், மத்தியானம் மூன்று மணிக்கு வந்து, சாயங்காலம் கோயிலில் திருந்தாதி ஜெபத்துக்கு மணி அடித்ததும் போய்விடுகிற விருந்தாளிகளை எந்த ஊரும் எப்படி ஏற்றுக்கொள்ளுமோ அப்படித்தான். பங்குச் சாமியார் முதல் வாரம் தீர்த்தச் செம்போடு ஓடிவந்தார்; ததேயு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, ஸ்தோத்திரம் சாமி என்று முழங்காலில் நிற்கவும், சாமியாரின் கை தானாக உயர்ந்து ஆசீர்வாதம் கொடுத்துவிட்டது, அடுத்த வாரத்திலிருந்து ஞாயிறு மத்தியான மறைக்கல்வி வகுப்பைக் காலைக்கு மாற்றினார். எப்போதும் நனைந்தே வருகிறார்களே என்று தையல்காரர் அளவெடுத்து ஆளுக்கொரு சட்டை தைத்துக் கொடுத்தார், மணி அடித்ததும் சட்டை மட்டும் பாயில் கிடக்கும், அடியில் ஈரம் இருக்கும், திங்கட்கிழமை அது உப்பாகப் பூத்திருக்கும். என்ன சமைத்தாலும் சாப்பிட்டார்கள், மீனை மட்டும் தொடவில்லை, அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தெருவில் மீன்காரிகள் கூவாமல் போனார்கள். கணக்கெடுக்க வந்த அரசு அலுவலர் ஒருவர் ஒரு ஞாயிறு மத்தியானம் எட்டு வீட்டிலும் ஆளைக் கண்ணால் பார்த்துவிட்டு, காணவில்லை என்று எழுதவா வேண்டாமா என்று அரைமணி நேரம் யோசித்து, ஞாயிறு மட்டும் உள்ளார் என்று எழுதிக்கொண்டு போனார். படகைப் பற்றியும் அந்த நாளைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

நாலு மணிக்குக் கடற்கரையில் நாலுக்கு நாலு பந்து விளையாடுவார்கள். ஊரே நின்று பார்க்கும். மெற்றில்டாவும் நின்று பார்ப்பாள், அவளுக்கு மட்டும் பார்க்கிற ஒவ்வொரு நிமிஷமும் இன்னொருவர் அங்கே இல்லை என்பது தெரியும்.

முதல் ஞாயிறு ஜோவின் சாப்பிட உட்கார்ந்தபோதே, அப்பா வரலியா என்று கேட்டான். அடுத்த வாரம் என்றாள். அடுத்த வாரமும் அவர் பெயர் அவள் வாயில் வரவில்லை, இஞ்ஞாசி பேனாவோடு காத்திருந்தார், மற்ற பெண்கள் சொல்லேன் சொல்லேன் என்று தூண்டினார்கள், கடைசியில் மாற்றி ஜோவின் என்றுதான் சொன்னாள். அவன் அன்று விளையாடப் போகவில்லை. அம்மாவை அடுக்களையில் முக்காலியில் உட்காரவைத்து, எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்து, பாடம் நடத்தினான்.

"இதுல என்னம்மா வெக்கம், அப்பாக்க பேரு கெட்ட வார்த்தையா? என்கூடச் சொல்லு. கிளீட்டஸ்."

அவள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். ஏழு மாதத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவன் விடவில்லை, பாதி பாதியாகச் சொல்லவைத்தான், மெதுவாகச் சொல்லவைத்தான், இஞ்ஞாசி மாமா மாதிரிக் குரலை மாற்றிக் கேப்டன் யார் என்று கேட்டு, அவள் யோசிக்கும்முன் பதில் வரவேண்டும் என்று கையைத் தட்டினான். யோசிச்சா வராதும்மா, கேட்டதும் வாய் தானா சொல்லணும் என்றான், பிறகு கேப்டன் யார் என்பான், அவள் கிளீட்டஸ் என்பாள், கேப்டன் யார், கிளீட்டஸ், கேப்டன் யார், கிளீட்டஸ், சோறு பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் இருவரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மணி அடிக்கிறவரை அது நடந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் அதே வேலையாக இருந்தாள். மீன் செதில் உரசும்போது சொன்னாள், பேருந்தில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள், கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்டதற்கும் அதையே சொல்லி, அப்படி ஒரு ஸ்டாப் இல்லையே என்று அவனைத் திகைக்கவைத்தாள். மூன்றாம் ஞாயிறு இஞ்ஞாசி கேட்டதும் பெயர் தடங்கலில்லாமல் வந்தது, கிளீட்டஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், தன் பெயரை அவள் வாயால் கேட்டதில் அவருக்கு வெட்கம் தாங்கவில்லை, ஈரத்தலையைச் சொறிந்துகொண்டே நின்றார். மற்ற ஏழு பெண்களும் கைதட்டினார்கள்.

அதிலிருந்து ஒரு ஞாயிறு அவர், ஒரு ஞாயிறு அவன் என்று வைத்துக்கொண்டாள். இஞ்ஞாசி அவளுக்காக ஒருநாள் ஒன்பதாவது நாற்காலி போட்டுப் பார்த்தார், அதில் உட்கார்ந்து பெயர் சொன்னால் யாரும் வரவில்லை, எடுப்பு எட்டு நாற்காலிக்குத்தான் என்பது அவர்களுக்கு எங்கே இருந்தாலும் தெரிந்திருந்தது. ஜோவின் வருகிற ஞாயிறுகளில் மணி அடிக்கிறவரை அரட்டை அடித்துவிட்டு நிம்மதியாகப் போவான். கிளீட்டஸ் வருகிற ஞாயிறுகளில் அஞ்சு மணிக்கே வாசலுக்கு எழுந்துபோய்க் கடலைப் பார்த்தபடி நிற்பார், மணி எப்போது அடிக்கும் என்று இரண்டு தரம் கேட்பார். கடல் கூப்பிடுகிறது போல என்று நினைத்து மெற்றில்டா மனசுக்குள் சண்டை பிடிப்பாள்.

ஜூலைக் கடைசியில் ததேயுதான் அதைச் சொன்னான். ஒத்திகை என்பதால்தான் சாயங்காலம் போகவேண்டியிருக்கிறது, நிஜ எடுப்பில் எடுத்தால் கேப்டன் சீசன் முடிகிறவரை இருக்கலாம், எடுப்பு முடிந்துவிட்டால் பிறகு ஞாயிறு ஒத்திகை கிடையாது. இதை அவன் சாம்பாரில் பப்படத்தை நொறுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான், பெர்பெத்தாள் கரண்டியோடு தெருவுக்கு ஓடிவந்து எல்லாருக்கும் சொன்னாள். பத்து மாதம். முழுசாக, இராத்திரியும் பகலும், கிறிஸ்மஸும் ஈஸ்டரும் சேர்த்துப் பத்து மாதம்.

நிஜ எடுப்பு வைக்கலாமா, இல்லை ஒத்திகையையே நீட்டிக்கொண்டு போகலாமா என்று இஞ்ஞாசி கை தூக்கச் சொன்னார். வைக்கலாம் என்று ஏழு கை உயர்ந்தது. மெற்றில்டா தன் கையை மடியில் வைத்திருந்தாள். ஏழு பேருக்கும் அவளைப் பார்க்க முடியவில்லை, ஆனால் கையை இறக்கவும் முடியவில்லை, அவர்கள்மேல் அவளுக்குக் கோபமும் வரவில்லை. ஒரே ஆளைப் பறிகொடுத்தவளாக இருந்தால் அவளும் கை தூக்கியிருப்பாள், இரண்டு கையையும் தூக்கியிருப்பாள்.

கடைசி ஒத்திகை கிளீட்டஸின் ஞாயிறு. அவள் சொல்லாமலே அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மரச்சீனிக் கிழங்கும் கோழிக்குழம்பும் சாப்பிட்டு முடித்து, கை கழுவ எழாமல், தட்டைப் பார்த்தபடி பேசினார்.

"பயல எடு, மெற்றி. எனக்குக் கடலு பழக்கம். அவனுக்கு ரெண்டே தங்கல்."

அவள் அழுதாள். அவர் கழுவாத கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் அவள் தலையைத் தடவினார், பத்து மாதம் கண்மூடித் திறக்கிறதுக்குள்ள போயிரும், அடுத்த எடுப்புல என்னைக் கூப்பிடு என்றார். சரி என்றாள். சரியென்று மனசாரத்தான் சொன்னாள். அவளுக்கு அதில் மறுயோசனையே இருக்கவில்லை, அவனைப் போகச் சொன்ன வாய் இது, இந்த வாய்தான் அவனைத் திரும்பக் கூப்பிடவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

நிஜ எடுப்பு நாளில் வாசகசாலையில் நிற்க இடமில்லை. பெண்கள் பெருநாள் சேலை கட்டியிருந்தார்கள், தையல்காரர் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார், சாமியார் மூலையில் ஜெபமாலையோடு நின்றார். இஞ்ஞாசி எழுந்து சட்டத்தை ஒருமுறை வாசித்தார், வாசித்துவிட்டு, இது ஒத்திகை இல்லை கேட்டேளா, பாத்துச் சொல்லுங்கோ என்றார். மெற்றில்டாவுக்கு ஐந்தாவது சீட்டு. ஜோவினுடைய காய்ந்த சட்டை அவள் மடியில் இருந்தது. நாலு நாற்காலிக்கும் கதவு திறந்து மூடியது, நாலு பேர் வந்து நின்றார்கள், கூட்டம் ஒவ்வொருவருக்கும் கைதட்டியது, சத்தம் அடங்குமுன்னே இஞ்ஞாசி அவள் பக்கம் திரும்பினார்.

"அஞ்சாம் நாற்காலி. கேப்டன் யாரு?"

கேட்டதும் வாய் தானாகச் சொல்லிற்று.

"கிளீட்டஸ்."

சொன்னது தன் குரல் என்று அவளுக்குத் தெரிய ஒரு கணம் ஆயிற்று. மடியிலிருந்த சட்டையைப் பார்த்தாள். கதவு திறந்து கிளீட்டஸ் வந்தார், வந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல், தனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார், யாரும் வரவில்லை, கதவு மூடிக்கொண்டது.

"மாத்தணும்," என்றாள் மெற்றில்டா. "ஜோவின். நான் ஜோவினத்தான் சொல்ல வந்தேன். ஜோவின்."

கதவு அசையவில்லை. இஞ்ஞாசியின் பேனா நோட்டுக்குமேல் எழுதாமல் நின்றது, இருபது வருஷமாக அழித்து எழுதாத நோட்டை அவர் கண்ணீர் விழுந்து நனைத்தது, அழித்தாலும் பிரயோசனமில்லை என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இன்னும் மூன்று நாற்காலி மிச்சம் இருந்தது, மூன்று பெயர் சொல்லப்படாமல் இருந்தது. அந்த மூன்று பெண்களும் தரையில் கிடந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெற்றில்டா அவர்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருத்தி தன் ஆளை விட்டு ஜோவின் பெயரைச் சொல்லியிருப்பாளோ என்னவோ, ஆனால் எந்த நாக்கால் கேட்பது. எட்டாம் நாற்காலியில் இருந்த பெர்பெத்தாள் மட்டும் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள், அவள் உதடு ஜோ என்று குவிந்ததை மெற்றில்டா பார்த்தாள். முறை வந்தபோது பெர்பெத்தாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ததேயு என்றாள்.

கிளீட்டஸ்தான் இஞ்ஞாசியிடம் போனார். "எழுதும் அண்ணே," என்று மெதுவாகச் சொன்னார். இஞ்ஞாசி எழுதினார்.

வீட்டுக்கு வருகிற வழியில் அவளுடைய கையிலிருந்த சட்டையை அவர் வாங்கிக்கொண்டார், தனக்குச் சின்னது என்று தெரிந்தும் அதைக்கொண்டு தலையைத் துவட்டினார், வந்து சேர்ந்ததும் மடித்துக் கொடியில் போட்டார். யாரு சொல்லித் தந்தா என் பேர அப்படிச் சொல்ல என்று ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டு கேட்டதும், ஒங்க மவன்தான் என்று அவள் பெருமையாகச் சொன்னதும் இரண்டு பேருக்கும் நினைவிருந்தது, அதனால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

சாயங்காலம் திருந்தாதி மணி அடித்தது. தெருவில் ஏழு வீட்டிலும் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆண்களின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், மணி ஓய்ந்தது, பிடித்த கை பிடித்தபடி இருந்தது. பெர்பெத்தாள் வீட்டில் யாரோ விசிலடித்தார்கள், யாரோ சரவெடி கொளுத்தினார்கள், ததேயுவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட்கள் கோயிலைச் சுற்றி வந்தார்கள். அந்த எட்டுப் பேரும் கரையில்தான் இருந்தார்கள், பத்து மாதத்துக்கு அவர்கள் யாரும் எங்கேயும் போகப்போவதில்லை.

மெற்றில்டா சோறு போட்டு வைத்திருந்தாள். கிளீட்டஸ் உட்காரவில்லை. அஞ்சு மணிக்கு எழுந்துபோன மனிதர் இன்னும் வாசலிலேயே கடலைப் பார்த்தபடி நின்றார், எல்லா ஞாயிறுகளிலும் நின்ற அதே இடத்தில், மணி எப்போது அடிக்கும் என்று கேட்டுக் கேட்டு நின்ற அதே இடத்தில், இப்போது கேட்பதற்கு மணியும் இல்லை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் ஏன் அப்படி அவசரப்பட்டுக்கொண்டு போனார் என்பது அவளுக்கு விளங்கிற்று. போன படகில் ஒன்பது பேர்.

அவள் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அங்க இப்ப அவன்கூட யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

இருபது வருஷத்தில் அவர் அவளிடம் பொய் சொன்னதில்லை. சொல்லத் தெரிந்திருந்தால் அன்றைக்குச் சொல்லியிருப்பார்.

"யாரும் இல்ல," என்றார்.